முரசு நோயின் வரலாற்றில் பரம்பரையும் புகைத்தலும்

உயிரைக் கொள்ளாது உறுப்பைக் கொள்ளும் நோய்கள் சில உள. கொள்ளை நோய்களுக்கு உள்ள வரலாற்றுப் புகழ் அவற்றிற்கு வாய்ப்பதில்லை. பற்களைத் தாங்கி நிற்கும் முரசையும் அதன் கீழுள்ள தாடையென்பையும் மெல்ல மெல்ல அரித்து, ஈற்றில் சொத்தை சிறிதும் இல்லாத பல்லையும் வேரோடு உதிரச் செய்யும் முரசு நோய் அத்தகையது. முதுமை வந்தாற் பல் விழும் என்று உலகம் அதனை இயல்பாக ஏற்றுக்கொண்டது. ஆயின், ஒரே ஊரில், ஒரே உணவை உண்டு, ஒரே தொழிலைச் செய்து வாழ்வோருள் ஒருவர் நாற்பது வயதிற் பல்லெல்லாம் இழப்பதும், மற்றொருவர் எழுபது வயதிலும் கரும்பு கடிப்பதும் ஏன் என்னும் வினா, கேட்பதற்கு எளிதாயினும் விடை காண்பதற்கு அரிதாயிற்று. அவ்விடையைத் தேடிய வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்வது. அதன் முதன்மையான அத்தியாயம் ஒன்று இலங்கையின் மலைநாட்டிலேயே எழுதப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

நோயின் இயல்பை முதலில் உணர்தல் நன்று. அது இரு படிகளை உடையது. முதற்படியில் முரசு சிவந்து வீங்கித் தொட்டாற் குருதி கசியும். இதனை முரசழற்சி என்பர். பல்லைச் செவ்வனே துலக்கின் இது நீங்கிவிடும். இரண்டாம் படியில் பல்லை என்போடு பிணிக்கும் நார்கள் அறுந்து, முரசுக்கும் பல்லுக்கும் இடையே பை போன்ற பள்ளம் விழுந்து, என்பு கரையத் தொடங்கும். இங்ஙனம் இழந்த பற்று எளிதில் மீள்வதில்லை. முதற்படி ஏறக்குறைய எல்லார்க்கும் வருவது. இரண்டாம் படியின் கடுமையோ ஆளுக்கு ஆள் வேறுபடுவது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியதே இக்கட்டுரை கூறும் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் யோன் றிக்ஸ் என்னும் பல் மருத்துவர் வாழ்ந்தார். பல் பிடுங்கும்போது நோவு தெரியாதிருக்க நைதரசு ஒட்சைட்டு வாயுவை 1844ஆம் ஆண்டில் முதன்முதற் சோதித்த நிகழ்ச்சியில், ஒறேஸ் வெல்ஸ் என்பாரின் பல்லைப் பிடுங்கியவர் இவரே. முரசு நோய்க்குக் காரணம் பல்லின்மேற் படியும் காறையே என்றும், அதனைச் சுரண்டி அகற்றின் நோய் தணியும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1876இல் அவர் தம் கருத்துக்களை வெளியிட்ட பின்னர், அந்நோய் நெடுங்காலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. ஆயினும் அக்காலத்து மருத்துவர் பலர் அதனை உடல் முழுதையும் பற்றிய கோளாறொன்றின் வெளிப்பாடு எனவே கருதினர். ஆகவே, காரணம் புறத்தே உள்ளதா, அகத்தே உள்ளதா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

புறக்காரணம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட ஆண்டு 1965. தென்மார்க்கு நாட்டின் ஆர்கூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும், நலமான முரசுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். அவருட் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவர்க்கும் முரசழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மறைந்தது. பல்லின்மேற் படியும் மென்மையான படலமும் அதில் வாழும் பற்றீரியாக்களுமே நோய்க்கு வித்து என்பது இதனாற் பெறப்பட்டது. எளிமையும் தெளிவும் ஒருங்கே அமைந்த ஆய்வு அது. ஆயின் அதன் வெற்றியே ஒரு மயக்கத்திற்கும் இடந்தந்தது. அழுக்குச் சேரின் அழற்சி வரும். அழற்சி நீடிப்பின் என்பு கரையும். என்பு கரையின் பல் விழும். இது எல்லார்க்கும் பொது என்று பலர் முடிவு கட்டினர். முதற்படிக்குக் காட்டிய சான்றை இரண்டாம் படிக்கும் நீட்டியதே அம்மயக்கமாகும்.

அம்மயக்கத்தைத் தெளிவித்தவரும் லோ அவர்களே. முரசு நோய் மருத்துவத் தலையீடு இல்லாதபோது எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிய அவர் இரு மக்கட் கூட்டத்தாரைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று, நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவில் வாழ்ந்த மாணவரும் கல்விமான்களுமாகிய 565 பேர். 1969இல் தொடங்கிய அவ்வாய்வுக்கு உட்பட்டோர் சிறுவயது முதலே ஒழுங்கான பல் மருத்துவத்தைப் பெற்றவர்கள். மற்றையது, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளருள் 480 ஆடவர். 1970இல் அவர்களை முதன்முறை பரிசோதித்தபோது அவர்களுள் இளையவர்க்கு வயது 14. பல் மருத்துவம் அவர்களை எட்டியதேயில்லை. தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடையே இருக்கவில்லை. எனினும் பற்சொத்தை அவர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. ஆதலின், முரசு நோயைத் தனியே பிரித்துக் காண்பதற்கு அவர்களினும் ஏற்றவர் இலர் என்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

இவ்விடத்து வரலாற்று மாணவர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆய்வுக்கு அவர்களை ஏற்றவராக்கியது அவர்களுடைய வறுமையே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964இல் இலங்கை இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென்றும் 300,000 பேர் இலங்கைக் குடிகளாவதென்றும் எண்ணளவிற் பங்கிடப்பட்டனர். ஆராய்ச்சியாளர் பல்லையும் முரசையும் அளந்த அதே ஆண்டுகளில், தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னார் வழியே கப்பலேறிக் கொண்டிருந்தனர். 1985இல் இறுதிப் பரிசோதனை நிகழ்ந்தபோது 480 பேருள் 161 பேரே எஞ்சியிருந்தனர். ஒஸ்லோவின் கல்விமானுக்குக் கிடைத்த சிகிச்சை மலையகத் தொழிலாளிக்குக் கிட்டாமையே இவ்விரு கூட்டங்களையும் ஒப்பிடுதற்குரியனவாக ஆக்கியது. உலகத்துப் பல் மருத்துவ மாணவர் யாவரும் இன்று பாடநூலிற் கற்கும் உண்மையொன்று, பெயர் அறியப்படாத இத்தொழிலாளர் வாயிலிருந்து பெறப்பட்டதாகும். அக்கடன் இன்னும் தீர்க்கப்பட்டதெனக் கூறுதற்கில்லை.

அவ்வாய்வின் முடிவு 1986இல் வெளியாயிற்று. எதிர்பார்த்தவாறே இலங்கைக் கூட்டத்தாரிடம் நோய் விரைந்து வளர்ந்தது. இரு பற்களுக்கு இடைப்பட்ட பக்கங்களில் ஒஸ்லோ நகரத்தார் ஆண்டுக்குச் சராசரி 0.08 மில்லிமீற்றர் பற்றை இழக்க, தோட்டத் தொழிலாளர் 0.30 மில்லிமீற்றர் இழந்தனர் என்பது முன்னரே 1978இல் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயின் வியப்புக்குரியது சராசரியன்று. அச்சராசரிக்குள் மறைந்திருந்த வேறுபாடே. ஏறக்குறைய எல்லாருடைய முரசிலும் அழற்சி காணப்பட்டது. எல்லாருடைய பற்களிலும் படலமும் காறையும் திரண்டிருந்தன. அங்ஙனமிருந்தும் நூற்றுக்கு 8 பேரிடம் நோய் மிக விரைந்து பரவியது. 81 பேரிடம் நடுத்தரமாக வளர்ந்தது. 11 பேரிடம் முரசழற்சியைக் கடந்து செல்லவேயில்லை. 35 வயதில் முதற்பிரிவினர் சராசரி 9 மில்லிமீற்றரும், இரண்டாம் பிரிவினர் 4 மில்லிமீற்றரும், மூன்றாம் பிரிவினர் 1 மில்லிமீற்றருக்கும் குறைவாகவும் பற்றை இழந்திருந்தனர். முதற்பிரிவினர் 45 வயதளவிற் பற்கள் அனைத்தையும் இழந்தனர்.

பற்றீரியா எல்லார் வாயிலும் உண்டு. அழிவு சிலர்க்கே கடுமையாயிற்று. ஆகவே விதை ஒன்றாயினும் நிலம் வேறு என்பது புலனாயிற்று. நிலத்தின் வேறுபாடு பிறப்பால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்பதே அடுத்து எழுந்த வினா. இவ்வினாவுக்கு விடை தேடியோர் இரு வேறு வழிகளிற் சென்றனர். ஒரு சாரார் புகையிலையை ஆராய்ந்தனர். மற்றொரு சாரார் பரம்பரையை ஆராய்ந்தனர். நெடுங்காலம் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை.

புகையிலை பற்றிய ஆராய்ச்சி 1947ஆம் ஆண்டளவில் தென்மார்க்கிலே தொடங்கியது எனலாம். யென்ஸ் பின்ட்போர்க் என்னும் அறிஞர் கடற்படையினரிடையே ஆராய்ந்து, முரசு புண்ணாகி அழுகும் ஒருவகை நோய் புகைப்பவரிடம் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக் காட்டினார். ஆயின் அவர் கூற்று உடனே வேரூன்றவில்லை. புகைப்பவர் பல்லைத் துலக்குவதில் அசட்டையாயிருப்பர். அவ்வசட்டையே நோய்க்குக் காரணம். புகை வெறும் உடன்நிகழ்ச்சி என்று பலர் வாதித்தனர். அவ்வாதத்திற்குத் துணைபோன மற்றொரு செய்தியும் உண்டு. புகைப்பவரின் முரசில் குருதிக் கசிவு குறைவாகவே காணப்படும். குருதி கசிதலே நோயின் முதல் அறிகுறி எனக் கற்ற மருத்துவர், வெளிறித் தடித்த அம்முரசைக் கண்டு நலம் எனவே எண்ணினர்.

உண்மையோ இதற்கு மாறானது. புகையிலுள்ள பொருள்கள் நுண்ணிய குருதிக் கலன்களின் இயல்பைப் பாதித்து, அழற்சியின் வெளித்தோற்றத்தை மறைக்கின்றன. பற்றீரியாவை விழுங்கும் வெண்குருதிக் கலங்களின் வினைத்திறன் குன்றுகின்றது. சிதைந்த நார்களை மீண்டும் நெய்யவேண்டிய கலங்களும் தளர்ச்சியடைகின்றன. எனவே மேலே அமைதியும் கீழே அழிவுமாக நோய் வளர்கின்றது. காவற்காரன் கூவாமையைக் கொண்டு கள்வன் வரவில்லை என்று கருதுவது எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமை குருதி கசியாமையைக் கொண்டு முரசு நலமெனக் கருதுவது. சிகிச்சை பெற்றபோதும் புகைப்பவர் பெறும் பயன் பிறர் பெறுவதினுங் குறைவாயிருத்தற்கும் இதுவே காரணமாகும்.

அசட்டைதான் காரணம் என்ற வாதத்தை முறியடிக்க ஆராய்ச்சியாளர் இரட்டையரை நாடினர். 1983இல் சுவீடன் நாட்டில் பேர்க்ஸ்ரொம், புளோடெறுஸ் மிர்ஹெட் என்னும் இருவர், ஒருவர் மிகுதியாகப் புகைக்க மற்றவர் அங்ஙனம் புகைக்காத இரட்டையரை ஒப்புநோக்கினர். உடன்பிறந்தாருள்ளும் புகையை மிகுதியாக நுகர்ந்தவரின் தாடையென்பே கூடுதலாகக் கரைந்திருந்தது. பரம்பரையைச் சமப்படுத்தியபோதும் புகையின் தீங்கு நிலைத்து நின்றது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நிகழ்ந்த நாடளாவிய உடல்நல ஆய்வின் தரவுகளைக் கொண்டு, ரோமார், அஸ்மா என்போர் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். புகைப்பவர்க்கு முரசு நோய் வரும் வாய்ப்பு ஒருபோதும் புகையாதவர்க்கு உள்ளதினும் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. நாளொன்றுக்கு ஒன்பது சிகரெற்றுக்கு மேற்படாது புகைத்தவர்க்கு அது மூன்று மடங்கினுஞ் சற்றுக் குறைவு. முப்பதுக்கு மேற் புகைத்தவர்க்கோ ஆறு மடங்கை எட்டியது. அந்நாட்டில் அந்நோயுற்றோருள் நூற்றுக்கு 42 பேரின் நோயை அன்றைய புகைப்பழக்கத்தின் கணக்கிலும், 11 பேரின் நோயை முன்னைய புகைப்பழக்கத்தின் கணக்கிலும் எழுதலாம் என அவர்கள் மதிப்பிட்டனர். 2004இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகைத்தல் முரசு நோய்க்குக் காரணமாகின்றது என முடிவு செய்தற்குப் போதிய சான்று உண்டு என்று அறுதியிட்டது. பின்ட்போர்க் எழுதியதற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன.

மறுபுறத்தே பரம்பரையை ஆராய்ந்தோர் சென்ற வழியும் நோக்கத்தக்கது. ஒரேயொரு பரம்பரையலகு பழுதுபட்டாற் பற்கள் யாவும் உதிரக்கூடும் என்பதற்கு அரிய நோயொன்று சான்றாக இருந்தது. 1924இல் பப்பியோன், லெபெவ்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் விவரித்த அந்நோயில், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, பாற்பற்களும் பின் நிலைப்பற்களும் இளமையிலேயே விழுந்துவிடும். வெண்குருதிக் கலங்களுக்கு இன்றியமையாத நொதியம் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகின் குறையே அதற்குக் காரணம் என 1999இற் கண்டறியப்பட்டது. ஆயின் உலகத்தாருட் பெரும்பாலார்க்கு வரும் முரசு நோய் இத்தகையதன்று. அதில் பல அலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்கின்றன.

அப்பங்கின் அளவை மதிப்பிடவும் இரட்டையரே துணையாயினர். மினெசோற்றாப் பல்கலைக்கழகத்து மிக்கலோவிச்சும் அவர் துணைவரும் 1991இல் 110 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். பிறந்த பின் பிரிந்து வேறு வேறு இல்லங்களில் வளர்ந்த ஒருகரு இரட்டையரும் அவருள் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் மீண்டும் 117 இணை இரட்டையரை ஆராய்ந்து, நோயில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டின் ஏறக்குறைய அரைப்பங்கு பரம்பரையால் அமைவது என்று அவர்கள் அறிவித்தனர். புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கில் எடுத்த பின்னரும் அவ்வளவு குறையவில்லை. ஆயின் முதற்படியாகிய முரசழற்சிக்கோ, பழக்கங்களைக் கழித்த பின்னர், பரம்பரைத் தொடர்பு காணப்படவில்லை. 1965இல் ஆர்கூஸ் நகரிற் பன்னிருவர்க்கும் அழற்சி வந்ததும், 1986இல் தொழிலாளர் மூன்று பிரிவினராகப் பிரிந்ததும் இதனால் ஒருங்கே விளக்கம் பெறுகின்றன. அழற்சி யாவர்க்கும் பொது. அழிவோ அவரவர் உடலின் எதிர்வினையைப் பொறுத்தது.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். அரைப்பங்கு பரம்பரை என்பதனால் ஒருவர் வாயிலுள்ள பற்களிற் பாதி பரம்பரையால் விழும் என்பது பொருளன்று. ஒரு கூட்டத்தாரிடையே காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கூற்று அது. தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்கும் சாதகக் குறிப்பு அன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையால் எழுந்த பிழைகள் பல.

1997ஆம் ஆண்டில் இரு வழிகளும் முதன்முறையாக ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. கோர்ண்மன் என்பாரும் அவர் குழுவினரும் இன்ரர்லூக்கின் ஒன்று எனப்படும் பொருளின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தனர். பற்றீரியாவின் தாக்குதலை உணர்ந்த கலங்கள் தூதாக விடுக்கும் பொருள்களுள் அது ஒன்று. அதன் தூண்டுதலால் என்பைக் கரைக்கும் கலங்கள் எழுச்சி பெறுகின்றன. அவ்வலகுகளின் ஒரு குறித்த வடிவத்தைப் பெற்றோரிடம் தூதுப்பொருள் மிகையாகச் சுரக்கின்றது என்பது அவர்கள் கொண்ட கருத்து. புகையாதவரிடையே அவ்வடிவத்தைப் பெற்றோர் கடுமையான நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்காக இருந்தது. புகைப்பவரிடமோ புகையின் தீங்கு மேலோங்கி நின்றமையால் அலகின் விளைவைப் பிரித்தறிதல் இயலாதாயிற்று. கடுமையான நோயாளருள் நூற்றுக்கு 86 பேர், ஒன்றில் புகைப்பவராக அல்லது அவ்வடிவத்தை உடையவராக இருந்தனர்.

இரண்டும் ஒருவரிடம் சேரின் என்னாகும்? 1999இல் மக்குவயர், நண் என்னும் இருவர், 14 ஆண்டுகள் பராமரிப்பில் இருந்த 42 நோயாளரைப் பற்றி எழுதினர். அவ்வலகு வடிவம் பல்லிழப்பின் வாய்ப்பை 2.7 மடங்காகவும், மிகையான புகைத்தல் அதனை 2.9 மடங்காகவும் உயர்த்தின. இரண்டும் சேர்ந்தவிடத்து அது 7.7 மடங்காயிற்று. கணிதம் பயிலும் மாணவர் இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கின், பின்னையது முன்னையவற்றின் கூட்டுத்தொகையை விஞ்சி ஏறக்குறைய அவற்றின் பெருக்கத்தொகையாக அமைந்திருத்தலைக் காண்பர். தனித்தனியே மும்மடங்கை எட்டாத இரு தீமைகள் கைகோத்தவுடன் எட்டு மடங்கை அண்மின. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறிதாயினும் அதன் கருத்துப் பெரிது.

ஆயின் அறிவியல் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. யேர்மனியின் வடகிழக்கிலுள்ள பொமரேனியாப் பகுதியில், மருத்துவமனைக்கு வந்தோரை விடுத்துப் பொதுமக்களையே ஆராய்ந்த மைசல் குழுவினர் 2003இல் வேறொரு முடிவைக் கூறினர். அவர்கள் கண்டபடி அவ்வலகு வடிவம் புகைப்பவரிடமே தீங்கு விளைத்தது. ஒருபோதும் புகையாதவரிடம் அதன் தீங்கு வெளிப்படவில்லை. கோர்ண்மன் புகையாதவரிடம் கண்டதை இவர்கள் புகைப்பவரிடம் கண்டனர். இதற்கிடையே, 2000ஆம் ஆண்டில் சீன மரபினர் 300 பேரைச் சோதித்தபோது, ஐரோப்பிய மரபினருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரிடம் காணப்படும் அவ்வடிவம் நூற்றுக்கு 2.3 பேரிடமே காணப்பட்டது. ஓரினத்தாரிடம் கண்ட அளவுகோலை உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாக்குதல் தவறு என்பதை இது உணர்த்தியது. அவ்வடிவத்தைக் கண்டறியும் சோதனை வணிகப் பொருளாக விற்பனைக்கு வந்துவிட்ட காலம் அது. சந்தை விரைந்தது, சான்றோ தயங்கி நின்றது.

இம்முரண்பாட்டிலிருந்து ஒரு பாடம் பெறப்படுகின்றது. பரம்பரையலகின் தீங்கு இவ்வளவு என்று தனித்து எடைபோடுதல் இயலாது. அது எந்தச் சூழலில் இயங்குகின்றது என்பதையும் உடன் கூறல் வேண்டும். உலர்ந்த ஓலைக்கூரை தானே எரிவதில்லை; ஓட்டுக்கூரையின்மேல் விழுந்த பொறியும் பெருந்தீ ஆவதில்லை. இரண்டும் சந்திக்குமிடத்தே வீடு வேகின்றது. கூரை எத்தகையது என்பதை ஆராய்வோர் பொறி எங்கிருந்து வந்தது என்பதை மறத்தலாகாது. 2010இல் யேர்மனியின் ஷேபர் குழுவினர் மாந்தரின் பரம்பரையலகுத் தொகுதி முழுதையும் துருவி, இளமையிலேயே கடுமையாக வரும் முரசு நோயோடு தொடர்புடைய புதிய அலகொன்றைக் கண்டனர். அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் தனியொரு முதன்மையான அலகு உண்டெனக் காட்டவில்லை.

இவையனைத்தும் மருத்துவ நடைமுறையில் எங்ஙனம் பிரதிபலித்தன என்பதையும் கூறுதல் வேண்டும். 2017இற் கூடிய உலக அறிஞர் மாநாட்டின் முடிவுகளாக 2018இல் வெளிவந்த புதிய பாகுபாட்டில், நோய் வளரும் வேகத்தைக் குறிக்கும் மூன்று தரங்கள் வகுக்கப்பட்டன. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெற்றோ அதற்கு மேலோ புகைப்பவர் கடுமையான மூன்றாந் தரத்தில் வைக்கப்படுவர். நீரிழிவும் அங்ஙனமே கணக்கில் எடுக்கப்படுகின்றது. பரம்பரைச் சோதனைக்கோ அத்தரநிர்ணயத்தில் இடமளிக்கப்படவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் அரைப்பங்கு பெற்ற பரம்பரை மருத்துவர் அறையில் இடம்பெறாமையும், புகைத்தல் முன்வரிசையில் அமர்ந்தமையும் காரணமுடையனவே. ஒன்று மாற்ற முடியாதது. பலவாகப் பிரிந்து கிடப்பதனால் அளக்கவும் அரியது. மற்றையது ஒரு வினாவாற் கேட்டறியக்கூடியது. மன உறுதியால் நீக்கக்கூடியது.

நீக்கினாற் பயன் உண்டா என்னும் ஐயம் எழலாம். முற்கூறிய அமெரிக்கக் கணக்கே அதற்கு விடை தருகின்றது. புகைத்தலைக் கைவிட்டு இரண்டு ஆண்டளவே ஆனவர்க்கு நோயின் வாய்ப்பு மும்மடங்குக்கு மேலாகவே இருந்தது. ஆயின் பதினொரு ஆண்டும் அதற்கு மேலும் கடந்தவரிடம் அது ஒருபோதும் புகையாதவரின் நிலையை ஏறக்குறைய எட்டியது. இழந்த என்பு மீளாதெனினும் எஞ்சிய என்பு காக்கப்படுகின்றது.

இச்செய்தி இலங்கைத் தமிழர்க்குத் தனிப்பட்ட பொருளுடையது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று பொருள் ஈட்டியது. சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறிட்டன. அப்பொருளால் எழுந்த வீடுகளும் கற்ற பிள்ளைகளும் பலர். அவ்வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. அதே புகையிலை தன்னை நுகர்ந்தோர் வாயில் எழுதிச் சென்ற வரலாற்றையும் மறைக்க வேண்டியதில்லை. பாட்டனுக்கும் தந்தைக்கும் நாற்பது வயதிற் பல் விழுந்தது. ஆகவே எனக்கும் விழும் என்று கூறுவோர் ஊர்தோறும் உளர். அவர் கூற்றில் அரைப்பங்கு உண்மை இருத்தல் கூடும். ஆயின் பாட்டனும் தந்தையும் தம் மகனுக்குக் கையளித்தது பரம்பரையலகு மட்டுமா, சுருட்டுப் பெட்டியுமா என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலைநாட்டில் 1970இற் பரிசோதிக்கப்பட்ட அத்தொழிலாளருள் 75 பேர் நாற்பது ஆண்டுகளின் பின்னர் 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அம்முடிவுகள் 2017இல் வெளியாயின. இளைஞராகத் தொடங்கியோர் முதியவராகி முடித்த ஆய்வு அது. நூற்றுக்கு 11 பேர் அழுக்கினிடையேயும் பற்றை இழவாது நின்றமை பரம்பரை முதலிய அகக்காரணங்களின் வலிமையை உலகுக்குக் காட்டியது. எஞ்சிய 89 பேரும் இழந்தமை, தூரிகையும் மருத்துவமும் எட்டாமையால் விளைந்த கேட்டைக் காட்டியது. முதலாவதைப் போற்றி இரண்டாவதை மறப்பின் அவ்வாய்வைப் பாதியே கற்றவராவோம்.

திருவள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்தார்; அதன் வலியை அவர் மறுக்கவில்லை. அங்ஙனம் வகுத்தவரே பின்னர் ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்து, இடைவிடா முயற்சியின் ஆற்றலையும் கூறினார். ஒன்றை ஒன்று அழிப்பதற்காக அவர் அவற்றை வைத்தாரல்லர். முரசு நோயின் நூற்றாண்டு வரலாறும் அவ்விரு அதிகாரங்களையும் ஒருங்கே கற்பிக்கின்றது. பிறப்பொடு வந்ததை மாற்றுதல் அரிது. அதனைத் தீமையாக முற்றச் செய்யும் புகையை வாயில் வையாதிருத்தலும், நாள்தோறும் பல்லைத் துலக்குதலும், மருத்துவம் எட்டாதார்க்கு அதனை எட்டச் செய்தலும் மாந்தரால் ஆவன. இவற்றுள் முதலிரண்டும் தனியொருவர் கடமை. மூன்றாவது சமுதாயத்தின் கடமையாகும்.